அப்பா கோர்வையை விட மறுக்கிறார்

கேள்வி: காஞ்சிபுரத்தில் நாங்கள் பரம்பரைத் தறிக்காரர்கள். அப்பாவுக்கு 62 வயது. உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து ஒன்றோடொன்று பூட்டும் கோர்வைப் பட்டைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்கிறார். கோர்வை இல்லாத சேலையை ஒரே ஆள் நெய்து சீக்கிரம் இறக்கிவிடலாம். இன்றும் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா (கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டும் கட்டை) போடுகிறார், தோள்வலி தாங்கவில்லை. நான் வாயைத் திறந்தாலே அப்பா, “தாத்தா காலத்து வழக்கத்தை மாத்த நீ யாருடா?” என்கிறார். பிழைக்கத் தெரியாத இவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தம்பி, ‘பிழைக்கத் தெரியாதவர்’ என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். என் அம்மாவின் முகூர்த்தப் பட்டு என்னிடம் இருக்கிறது. அரக்கு உடல், பச்சைக் கரை. மடிப்பு மடிப்பாக உடல் நைந்துவிட்டது, கரை சேரும் இடம் மட்டும் இன்னும் விடவில்லை. திருப்பிப் பார்த்தால் உடலின் ஊடையும் (குறுக்கு நூல்) கரையின் ஊடையும் இழைக்கு இழை ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்ததென்றால், அப்பாவைப் போன்றவர்கள் பிடிவாதமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் தாத்தா காலத்து வழக்கம் என்கிறாரே, அவர் தலைக்கு மேலே துளையிட்ட அட்டை ஓடிப் பூவேலைக்கு இழை தூக்குகிறதே ஜக்கார்டு பெட்டி, அது எங்கிருந்து வந்தது? 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்துக்காரர் செய்தது. அது நம்மூருக்கு வரும்வரை அடை என்ற நூல்கட்டு அமைப்பைக் கட்டித்தான் புட்டா (சின்னப் பூ உருவம்) போட்டார்கள். அதற்கு நூல் இழுத்துக் கொடுக்க ஒரு பையன் நாள் முழுக்கத் தறியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டி வந்தது, பையன் எழுந்து போனான். கோர்வை எங்கேயும் போய்விடவில்லை. இதை அப்பாவிடம் நிதானமாக, சாப்பாடு முடிந்த நேரத்தில் கேளுங்கள்: அந்தப் பையன் எழுந்த மாதிரி அம்மா எப்போது எழுவது?

எனக்கு உறுத்துவது அம்மாவின் தோள்தான். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது அதில் இரண்டு பேர் உழைப்பு இருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்த பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) வாங்கும்போது கரை நாடாவுக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள். அந்தப் பணத்தில் ஓர் ஆள் வையுங்கள். கோர்வையை விடச் சொல்லும் பேச்சை நிறுத்தினாலே அப்பா பாதி இறங்கி வருவார்.

உங்கள் ஊரிலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. இரண்டாவது ஆள் இல்லாமல் கோர்வை நெய்யத் தறியில் என்ன மாற்றம் செய்யலாம் என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அப்பாவை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். அம்மாவும் வரட்டும். கை எங்கே இழுக்கிறது, எங்கே வலிக்கிறது என்று அவர்தான் காட்ட வேண்டும்.