கொரோனாவும் மனநலமும்: எண்களை எப்படிப் படிப்பது? (கேள்வி பதில்)

கேள்வி (இதழியல் மாணவர்): கொரோனாவால் மனச்சோர்வு 25 சதவீதம் கூடியதாமே? ‘நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு’ என்று எழுதலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அந்த 25, ஏற்கெனவே இருந்த அளவுக்கு மேல் கூடியது. நூற்றில் நாலு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் சுற்றிய கூகுள் ஃபார்ம் சர்வேக்களையும் இதோடு கலக்காதீர்கள். மனம் நொந்தவர்தான் அதை ஆர்வமாய் நிரப்புவார். ஸ்மார்ட்போன் இல்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார். 2019-ல் அதே ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கும் பதிவு இருக்காது. பிரிட்டனில் முன்பிருந்தே அளந்து வந்தார்கள்: மனச்சோர்வு அறிகுறி உள்ள பெரியவர்கள் தொற்றுக்கு முன் 10 சதவீதம், 2021 தொடக்கத்தில் 21, 2022 அக்டோபர் வாக்கில் 16. இறங்கியது, பழைய இடத்துக்கு வரவில்லை. அதற்குள் விலைவாசியும் ஏறிவிட்டதால் மிச்சம் முழுவதையும் கொரோனா தலையில் கட்ட முடியாது.

கேள்வி (வாசகர்): எனக்குக் கொரோனா வந்து மூன்று மாதம் ஆகிறது. மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 வினாத்தாளில் 12 மதிப்பெண். எனக்கு டிப்ரஷனா?

பதில்: அந்த 12 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது வழக்கம். ஆனால் தூக்கம், அசதி, பசி, கவனம் ஆகிய நான்குக்கும் 3 போட்டாலே 12 வந்துவிடும். கொரோனாவுக்குப் பிந்தைய உடல் தொந்தரவிலும் இந்த நான்கும் இருக்கும். முதல் இரண்டு கேள்விகள்தான் முக்கியம்: எதிலும் ஈடுபாடு இல்லாமை, மனம் சோர்ந்திருத்தல். இரண்டிலும் 0 என்றால் முதலில் உடம்பைப் பரிசோதியுங்கள். ரத்தசோகை, தைராய்டு உட்பட. ஏதாவது ஒன்றில் 2 வந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும். வினாத்தாள் சல்லடைதான், நோயை உறுதிசெய்வது மருத்துவர்.

கேள்வி (ஆசிரியை): ஊரடங்கில் தற்கொலைகள் கூடினவா?

பதில்: உடனே கூடவில்லை என்பதுதான் பல நாடுகளின் அனுபவம். ஜப்பானில் 2020-ன் முதல் மாதங்களில் குறைந்து, ஜூலைக்குப் பிறகு ஏறியது. பெண்களிடம் ஏற்றம் அதிகம். ஆபத்துக் காலத்தில் ஊரே ஒட்டிக்கொள்ளும். கடனும் வேலையிழப்பும் பிறகுதான் கழுத்தை நெரிக்கும். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகப் பதிவு 2019-ல் 1,39,123, 2020-ல் 1,53,052, 2021-ல் 1,64,033. 2021-ல் இறந்தவர்களில் கால்வாசிப் பேர் தினக்கூலிகள். இது போலீஸ் பதிவு, உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர்): இரண்டாம் அலையில் கணவரை இழந்து, அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன ஒரு பெண் இன்னும் அழுகிறார். நடந்ததைச் சொல்ல வைக்க வேண்டுமா?

பதில்: வற்புறுத்தாதீர்கள், கிளறுவது சிலருக்குக் கெடுதலே செய்யும். அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். செய்யாமல் விட்ட சடங்கு ஏதும் உறுத்தினால் இப்போதும் செய்யலாம், படத்துக்கு ஒரு படையல் என்றாலும் சரி. அழுகை மட்டும் நோயல்ல. ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் விடாமல் சமையல், வேலை, குழந்தைகள் எல்லாம் நின்றுபோயிருந்தால் நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புங்கள். அதற்கு முன் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உங்கள் போனிலிருந்தே பக்கத்தில் இருந்து பேச வையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் அது அலமாரியிலேயே கிடக்கும்.