டெஸ்ட் ரிப்போர்ட் ஏன் இழுக்கிறது, எந்த லேபுக்குக் கொடுப்பது: பிஐஎஸ் கேள்வி பதில்

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரும் ஐஎஸ்ஐ முத்திரை, மின்னணுப் பொருள்களுக்கான சிஆர்எஸ் என்ற கட்டாயப் பதிவு இரண்டுக்கும் சோதனை வேலையில் பல வருடமாக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

சார், கோவையில் இஸ்திரிப் பெட்டி தயாரிக்கிறோம். லேபில் சாம்பிள் கொடுத்தபோது ரிப்போர்ட்டுக்கு மூன்று வாரம் என்றார்கள், இரண்டு மாதம் ஆகப்போகிறது. போன் செய்தால் "ப்ராசஸில் இருக்கிறது" என்கிறார்கள்.

அந்தப் பதிலோடு போனை வைக்காதீர்கள். தர ஆவணத்தின் எந்த க்ளாஸ் (உட்பிரிவு) வரை சோதனை முடிந்தது என்று மெயிலில் கேளுங்கள். வீட்டு மின்சாதனப் பாதுகாப்புக்கான ஐஎஸ் 302 தரத்தின் சோதனைகளைப் பெரும்பாலும் ஒரே பெட்டியில், வரிசைப்படி செய்ய வேண்டும், அதனால் நடுவில் ஒன்று நின்றால் பின்னால் உள்ள எல்லாம் நிற்கும். பல இடங்களில் நிற்பது ஈரப்பத சோதனையில்தான். 93 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்து எடுத்தவுடன் கசிவு மின்னோட்டமும் மின்காப்பும் பார்ப்பார்கள். ஹீட்டிங் எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலும் சீல் சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அங்கேயே அவுட். அப்புறம் எலிமென்ட் மாற்றி, புது சாம்பிள் அனுப்பி, மறுபடி முதலிலிருந்து. சோதனைக்கு ஆகும் நேரத்தைவிட இந்தத் திரும்பல்தான் மாதங்களைத் தின்கிறது. அனுப்பும் முன் உங்கள் ஃபேக்டரியிலேயே இந்த ஒன்றையாவது செய்து பாருங்கள்.

இன்னொன்று, உதிரிபாகப் பட்டியலில் ஒரு தெர்மோஸ்டாட், பெட்டிக்குள் வேறு ஒன்று என்றால் லேப் வேலையைத் தொடங்கவே தொடங்காது.

எங்கள் பக்கத்திலேயே என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப் இருக்கிறது, கட்டணமும் குறைவு. கொடுக்கலாமா?

என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) மட்டும் போதாது. பிஐஎஸ் அங்கீகாரம் வேண்டும், அதுவும் உங்கள் ஐஎஸ் எண்ணுக்கு, எல்லா க்ளாஸுக்கும். பிஐஎஸ் தளத்தில் ஒவ்வொரு லேபின் ஸ்கோப்பும், அதாவது எந்தெந்தச் சோதனைக்கு அனுமதி என்பதும், இருக்கிறது, பணம் கட்டும் அன்று பாருங்கள், ஏனென்றால் இடையில் சஸ்பெண்ட் ஆவதும் உண்டு. பக்கத்தில் இருக்கிறது என்பதைவிட ஈரப்பத சேம்பர் எத்தனை வைத்திருக்கிறார்கள், இப்போது எத்தனை வேலை வரிசையில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். நான் கட்டணத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். சாம்பிள் சோதனையில் தவறினால் உடனே போன் செய்து காரணம் சொல்லும் இன்ஜினியர் இருக்கும் லேபுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

அண்ணா, சீனாவிலிருந்து பவர் பேங்க் இறக்குமதி செய்யப்போகிறேன். சப்ளையரிடம் சிபி ரிப்போர்ட் (பல நாடுகள் ஏற்கும் சர்வதேசச் சோதனை அறிக்கை) இருக்கிறது, அதைக் காட்டினால் போதாதா?

போதாது தம்பி. சிஆர்எஸ்ஸுக்கு பிஐஎஸ் அங்கீகரித்த லேபின் ரிப்போர்ட்தான் செல்லும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லுக்கு அதன் பாதுகாப்புத் தரமான ஐஎஸ் 16046-இன் கீழ் பதிவு இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள், இல்லை என்றால் அங்கேயே மாதக்கணக்கில் போகும். செல் சோதனையை அவசரப்படுத்தவும் முடியாது, தொடர் சார்ஜிங் ஒன்றுக்கே 7 நாள். பதிவும் உங்கள் பெயரில் வராது, அந்த ஃபேக்டரியின் பெயரில்தான் வரும், இந்தியாவில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். இதெல்லாம் முடியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், சரக்கு துறைமுகத்தில் நின்றால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) உங்கள் தலையில்தான்.

ரிப்போர்ட் கையில் வந்துவிட்டது. விண்ணப்பத்தை அடுத்த சீசனுக்குப் போடலாமா?

சிஆர்எஸ் என்றால் 90 நாளுக்குள் போட்டாக வேண்டும். தாண்டினால் புது ரிப்போர்ட்.

ஒரு ஏஜென்ட் சாம்பிளே வேண்டாம், ஒரு வாரத்தில் ரிப்போர்ட் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம் மேடம், தயவுசெய்து. பிஐஎஸ் கடையிலிருந்து சாம்பிள் எடுத்துச் சோதிக்கும், அங்கே தவறினால் லைசென்ஸ் போகும். அதைவிட, அந்தப் பொருள் யாரோ ஒருவர் வீட்டு ப்ளக்கில் இருக்கப்போகிறது, ஷாக் அடித்தால் அவர்களுக்கு யார் பதில் சொல்வது? தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது.