டேஸ்ட்டின் மேடை ஒலி: ஒரு கிடார், இரண்டு ஆள் வேலை

ஆரம்பகால ப்ளூஸ் ராக் மூவர் குழுக்களில் யாருடைய மேடைக் கிடார் ஒலி மிகவும் பிடிக்கும், ஏன் என்பது கேள்வி. பலரும் க்ரீம் என்பார்கள், இல்லையென்றால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்பார்கள். இரண்டுமே எனக்கும் உயிர். ஆனாலும் என் பதில் டேஸ்ட்.

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் 1966-இல் ரோரி கேலகர் தொடங்கிய குழு இது. 1968-இல் பேஸ் (அடிச்சுருதிக் கிடார்) வாசிக்க ரிச்சர்ட் மெக்ராக்கனும் டிரம்ஸ் வாசிக்க ஜான் வில்சனும் வந்து சேர்ந்தார்கள். நான் பேசுவது இந்த மூவரைப் பற்றி. 1970 முடியும்போது குழு கலைந்துவிட்டது. இரண்டரை வருடம் கூட முழுதாக இல்லை. அதற்குள் ஸ்டுடியோவில் செய்த ஆல்பங்கள் இரண்டுதான். நல்ல ஆல்பங்கள், ஆனால் அவர்களை மேடையில்தான் கேட்க வேண்டும்.

அந்த ஒலியின் கதை கிடார் வாங்கியதில் ஆரம்பிக்கிறது. 1963-இல் ரோரிக்கு வயது 15. கார்க்கில் க்ரௌலி என்ற இசைக்கருவிக் கடையில் 1961-ஆம் வருடத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிடார் ஒன்று செகண்ட் ஹேண்டாக விற்பனைக்கு வந்திருந்தது. விலை 100 பவுண்டு. அதற்கு முன்னால் அதை வைத்திருந்த இசைக்கலைஞர் சிவப்பு நிறம் கேட்டு வரவழைத்தாராம், வந்ததோ சன்பர்ஸ்ட், நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருக்கும் வர்ணப்பூச்சு. அதனால்தான் அது கைமாறியது. அந்தக் காலத்து கார்க்கில் 100 பவுண்டு என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை, தவணையில்தான் வாங்க முடிந்தது. கடன் அடையவே அடையாது என்று அம்மா பயந்தபோது ரோரி ஒரு கணக்குச் சொன்னதாக அவருடைய தம்பி டோனல் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: இந்தக் கிடார் இருந்தால் ரிதம் (பாட்டைத் தாங்கும் துணை வாசிப்பு), லீட் (முன்னால் நிற்கும் தனி வாசிப்பு) இரண்டையும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு கிடார்காரர் தேவையில்லை, அந்தச் சம்பளமும் நமக்கே, கடனை அடைத்துவிடலாம்.

அம்மாவைச் சமாதானம் செய்ய ஒரு பையன் சொன்ன வார்த்தை. டேஸ்ட்டின் கச்சேரிப் பதிவுகளைக் கேட்டால் அந்த வார்த்தையை அவர் அப்படியே காப்பாற்றியது தெரியும்.

மூவர் குழுவில் பெரிய சிக்கல் லீட் வாசிக்கும்போதுதான் வரும். கிடார்காரர் மேல் தந்திகளுக்குப் போன உடனே அடியில் ஒரு பள்ளம் விழும். க்ரீமில் அந்தப் பள்ளத்தை ஜாக் புரூஸின் பேஸ் நிரப்பும், கிட்டத்தட்ட இரண்டாவது லீட் மாதிரி. ரோரி வேறு வழியில் போனார். ஒரு வரி லீட் வாசிப்பார், அது முடியும் முன்பே கீழ்த்தந்தியில் ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) ஒரு துண்டைப் போட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுவார். தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக்கைப் பிடித்தபடியே மற்ற விரல்களாலும் தந்தியைச் சுண்டுவார். சில இடங்களில் கிடார் போகும் வரியைக் கூடவே வாயாலும் முனகுவார். முதல் தடவை கேட்கும்போது யாரோ நான்காவது ஆள் இருக்கிறார் என்றே நினைத்தேன்.

சரி, கருவிகளுக்கு வருவோம். அந்தக் காலத்தில் பெரிய ராக் குழுக்கள் 100 வாட் மார்ஷல் ஆம்ப்புகளை (கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்) ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்து வாசித்தன. ரோரி வைத்திருந்தது வாக்ஸ் ஏசி 30. 30 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. சின்ன ஆம்ப் என்பதால் சீக்கிரமே அதன் எல்லையைத் தொட்டுவிடும். தொட்டதும் ஒலி கரகரப்பாக உடையத் தொடங்கும், ஆனால் படீரென்று உடையாது, கொஞ்சம் கொஞ்சமாக. கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர், வெளியே ஒரு சுவிட்ச், ஒரு குமிழ். மேல் சுருதிகளைத் தூக்கிக்கொடுத்து ஆம்ப்பின் வாசலில் தள்ளுவதுதான் அதன் வேலை. அடிச்சுருதிகளை அது தூக்காது, அதனால் எவ்வளவு உடைந்தாலும் ஒலி கலங்காமல் இருக்கும், பேஸுக்கும் இடம் கிடைக்கும்.

இந்தப் பெட்டியை நானே செய்து பார்த்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி, பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய ஏசி 128 ட்ரான்சிஸ்டரைப் போட்டு. மே மாதத்து மதியத்தில் அது சரியாகவே வேலை செய்யவில்லை, சுரம் புஸ்ஸென்று பிய்ந்து செத்துப்போனது. ஜெர்மேனியம் சூடு ஏற ஏறக் கசியும், மின்னழுத்தம் இடம் மாறிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடிக் கதவைத் திறந்து வைத்து மறுபடி வாசித்தேன். அப்போதுதான் புரிந்தது. கிடாரின் வால்யூம் குமிழ் 10-இல் இருந்தால் ஒலி கத்துகிறது. 6-க்கு இறக்கினால் அதே ஒலி கண்ணாடி மாதிரி தெளிகிறது. காலால் எதையும் மிதிக்க வேண்டாம், சுண்டு விரலே போதும். ரோரி வாசிக்கும் படங்களில் அந்தச் சுண்டு விரலைக் கவனியுங்கள், அது சும்மாவே இருக்காது. ரிதமுக்குக் கொஞ்சம் இறக்கம், லீட்டுக்கு ஏற்றம், சில இடத்தில் சுரத்தைச் சுண்டிவிட்டு அப்புறம் ஒலியைத் திறந்து வயலின் போல எழவிடுவது. கடன் கணக்கில் சொன்ன இரண்டு ஆள் வேலை நடப்பது இந்தக் குமிழில்தான்.

இந்த ஒலியில் மயங்கியவர்களில் பின்னாளில் குயீன் குழுவின் கிடார்காரரான பிரையன் மே ஒருவர். அந்தக் குழு வருவதற்கு முன்பு, லண்டனில் டேஸ்ட் கச்சேரி கேட்கப் போன அவர், முடிந்ததும் ரோரியிடம் நேராகவே கேட்டார், இந்த ஒலி எப்படி வருகிறது என்று. ரோரி எதையும் மறைக்காமல் ஏசி 30-ஐயும் அந்தப் பெட்டியையும் காட்டினார். மே போய் அதே இரண்டையும் வாங்கினார். இன்றுவரை அவருடைய ஒலிக்கு அடிப்படை ஏசி 30-உம் அதே வகைப் பெட்டியும் சேர்ந்த கூட்டணிதான்.

1968 நவம்பர் 26 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் க்ரீம் விடைபெற்றபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறியவர்களில் டேஸ்ட்டும் உண்டு. ஆனால் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போவது 1970 ஆகஸ்ட் 28-க்குத்தான். இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த இசை விழா, லட்சக்கணக்கில் கூட்டம். குழுவுக்குள் ஏற்கெனவே விரிசல். அதை நினைத்துக்கொண்டு கேட்டால்தான் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொடங்கும் வேகம் உறைக்கும், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்துவது போல இருக்கும். 'சுகர் மாமா' அதற்கு நேர் எதிர். கனமான, மெதுவான ரிஃப். இரண்டு அடிகளுக்கு நடுவில் வில்சன் இடைவெளியை அப்படியே விட்டுவைப்பார், ரோரியும் அவசரப்பட்டு நிரப்ப மாட்டார். அந்த இடைவெளியில் ஆம்ப்பின் இரைச்சல் கூடக் கேட்கும். எனக்கு டேஸ்ட் என்றால் முதலில் ஞாபகம் வருவது அந்த இரைச்சல்தான். ஆம்ப் திறந்தே இருக்கிறது, மனுஷன் சுண்டு விரலைக் குமிழில் வைத்துக் காத்திருக்கிறார்.

அந்த விழா முடிந்து சில நாட்களிலேயே சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோவில் வாசித்ததும் ஆல்பமாக இருக்கிறது. அதில் விளிம்பு இன்னும் கூர்மை. என் ஓட்டு தீவுக் கச்சேரிக்குத்தான், 2015-இல் படத்தோடு விரிவாக வந்த பதிவுக்கு.

அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அறுபதுகளில் அது டப்ளினில் திருடுபோய், மழையில் ஒரு பள்ளத்தில் கிடந்து, பிறகு கிடைத்தது. அதன்பின் ரோரி அதை விட்டுப் பிரியவே இல்லை. மேடைதோறும் சிந்திய வியர்வையில் வர்ணம் செதில் செதிலாக உதிர்ந்து மரம் தெரிந்தது. 1995-இல் அவர் இறந்தார். 2024-இல் ஏலத்துக்கு வந்த கிடார் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்கத்தில் மிச்சம் இருக்கும் சன்பர்ஸ்ட் சில திட்டுகள்தான், வலது முன்கை உரசும் இடத்தில் வெறும் மரம்.