வாசகர் கேள்வி–பதில்: வெனிஸில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

இந்த மாதம் வந்த கடிதங்களில் வெனிஸ் நகரைப் பற்றியவை மட்டும் ஐந்து இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மிலானில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க நானும் என் கணவரும் அக்டோபரில் இத்தாலி செல்கிறோம். வார இறுதியில் வெனிஸுக்கு அழைத்துப் போவதாக மகள் சொல்கிறாள். காலையில் ரயிலேறி இரவே திரும்பிவிடலாம், அங்கே தங்குவது வீண் செலவு என்பது மருமகனின் கட்சி. யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, திருச்சி

பதில்: மருமகனின் கணக்கில் பிழை இல்லை. மிலானிலிருந்து விரைவு ரயில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் வெனிஸை அடைந்துவிடும். ஆனால் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு அதே காலையில் ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து இறங்குகிறார்கள். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அவர்களுடைய முதுகுகளைத்தான். 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் இன்று 50,000 பேர்கூட இல்லை என்பதால், பகல் வேளையில் ஊர்க்காரர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாலை ரயில்கள் கிளம்பிய பிறகு, சந்துகளில் காலடி ஓசையும் படிகளில் நீர் மோதும் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும் அந்த இரவும், காய்கறிப் படகுகள் சரக்கு இறக்கும் மறுநாள் விடியலும் கிடைக்காவிட்டால் இந்தப் பயணத்தில் பாதி போய்விட்டது என்றே சொல்வேன். எனவே சனிக்கிழமை இரவு கட்டாயம் தங்குங்கள். கடலுக்கு இக்கரையில் உள்ள மெஸ்த்ரேயில் அறை வாடகை குறைவுதான். அங்கே தங்கினால் இரவில் நீங்களும் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும்.

ரயில் 1846இல் திறந்த நீண்ட பாலத்தின் வழியாகக் கழிமுகக் காயலைக் கடந்து சாந்தா லூச்சியா நிலையத்தில் நிற்கும். வாசலைத் தாண்டியதும் படிகள். படிகளின் அடியில் பெருங்கால்வாய். ஆட்டோவோ டாக்சியோ தேடிப் பழகிய கண்ணுக்கு அந்த முதல் நிமிடம் விநோதமாக இருக்கும். கார்களும் பேருந்துகளும் பியாத்சாலே ரோமா என்ற சதுக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் நடந்து போக வேண்டும், இல்லையேல் படகு. ஒருமுறை பெரிய சக்கரப் பெட்டியோடு போய், விடுதிக்குள் நுழைவதற்குமுன் ஐந்து பாலங்களின் படிகளில் அதைத் தூக்கி ஏற்றி இறக்கிய அனுபவம் எனக்கு உண்டு. சக்கரத்தால் ஒரு பயனும் இல்லை. தோளில் மாட்டும் சிறு பையோடு போங்கள். முழங்கால் வலி இருந்தால் படகுத்துறைக்கு அருகிலேயே அறை எடுங்கள்.

நகரப் பேருந்து போல ஓடும் படகுக்கு வாப்பரெட்டோ என்று பெயர். 75 நிமிடங்களுக்கு ஒரு சீட்டு 9.50 யூரோ, இரண்டு நாள் சீட்டு 35 யூரோ. நான்கு முறை ஏறினாலே பின்னது லாபம். ஏறுமுன் துறையில் உள்ள கருவியில் சீட்டைக் காட்டிப் பதிவு செய்ய மறக்கக் கூடாது. 1ஆம் எண் படகு இரு கரைகளிலும் மாறிமாறி நின்று, ஏறத்தாழ 3.8 கி.மீ. நீளக் கால்வாயை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை காட்டிவிடும். முதல் நாள் மாலை வெயில் சாயும் நேரத்தில் இதில் போங்கள். அரண்மனை முகப்புகளைப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் சான் மார்கோ சதுக்கத்தில் இருங்கள். அங்கே நிற்கும் மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்து, 1912இல் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது. பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களைப் பிற்பகலில்தான் அனுமதிப்பார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சேலைக்குத் தடையேதும் இல்லை. வாசலுக்கு மேலே நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகள் நகல்கள். 1204இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து கொள்ளையாக வந்து, 1797இல் நெப்போலியனால் பாரிஸுக்குப் போய், 1815இல் திரும்பிய அசல் குதிரைகள் மாடியில் உள்ளன. வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜே வாழ்ந்த, அருகிலுள்ள அரண்மனையோடு அன்றைய பட்டியலை முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஓர் அருங்காட்சியகம் சேர்த்தால் கால் தாங்காது.

பகல் நேரப் பயணிகளுக்கு 2024 முதல் சில நாள்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அது ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான குறிப்பிட்ட நாள்களுக்கே இருந்தது. இரவு தங்குவோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு; மருமகனிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டடவியல் படிக்கும் மாணவன் நான். வெனிஸ் மரக்கட்டைகளின்மேல் நிற்கிறது என்கிறார்கள். தண்ணீரில் கிடக்கும் மரம் அழுகிவிடாதா? நகரம் மூழ்குகிறது என்பதற்கும் இதுதான் காரணமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேறு வேறு கதைகள். ஆற்று வண்டல் படிந்த சேற்றுத் தீவுகளில் கல் கட்டடம் எழுப்ப, ஓக், லார்ச், ஆல்டர் போன்ற மரங்களில் செய்த முளைக்கம்புகளை நெருக்கி நெருக்கி அடித்துச் சேற்றை இறுக்கினார்கள். அதன்மேல் பலகை, அதற்குமேல் கடலின் எதிர்க்கரையிலுள்ள இஸ்திரியாவிலிருந்து வந்த அடர்த்தியான வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் மேலேதான் செங்கல். ரியால்தோ பாலம் 1588க்கும் 1591க்கும் இடையில் எழுந்தபோது ஒவ்வொரு முனைக்கும் அடியில் சுமார் 6,000 முளைகள் இறங்கின. 1630ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு நேர்த்திக்கடனாகக் கட்டிய சலூத்தே ஆலயத்தின் கீழே பத்து லட்சத்துக்கும் மேல் இருப்பதாகச் சொல்வார்கள். மரத்தை விரைவாகத் தின்னும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். சேற்றுக்குள் முழுதாகப் புதைந்த முளைக்குக் காற்று எட்டாது என்பதால், அங்கே சிலவகை பாக்டீரியாக்கள் மட்டும் மிக மெதுவாக அரிக்கின்றன. ஈரமும் காற்றும் மாறிமாறிப் படும் இடத்தில்தான் மரம் கெடும். நம் ஊர்க் கிணற்று மேட்டில் நட்ட கம்பம் தரைமட்டத்தில் இற்றுப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

உண்மையில் நோய் மேலே இருக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டி உப்புநீர் ஊடுருவாத அந்த வெள்ளைக் கல்லை வைத்தார்கள். கடல்மட்டம் உயர உயர, அலை கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொடுகிறது. செங்கல் உப்பை உறிஞ்சும். காயும்போது உப்புப் பூத்துச் சுவர் பொரிந்து கொட்டும். எந்தக் கால்வாய் ஓரத்தில் நின்றாலும், பச்சைப் பாசிக் கோட்டுக்குச் சற்று மேலே காரை உதிர்ந்து, விரல் பட்டாலே செங்கல் மாவாக உதிர்வதைக் காணலாம். இத்துடன் 1950களிலும் 60களிலும் எதிரே நிலப்பகுதியில் உள்ள மார்கேரா தொழிற்பேட்டைக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நிலமும் தாழ்ந்தது. 1970களில் அதை நிறுத்திய பிறகே வேகம் குறைந்தது.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தென்கிழக்குக் காற்று அட்ரியாட்டிக் கடலை வடக்கே தள்ளும்போது ஓதம், அதாவது கடலேற்றம், ஊருக்குள் ஏறுவதை ஆக்வா ஆல்தா என்பார்கள். 1966 நவம்பர் 4 அன்று 194 செ.மீ., 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. உயரத்துக்கு ஏறியது. இதைத் தடுக்கக் காயலின் மூன்று முகத்துவாரங்களில் 78 எஃகுக் கதவுகளைக் கடலடியில் படுக்கவைத்திருக்கிறார்கள். வயிற்றில் நீர் நிரம்பிக் கிடக்கும் கதவுக்குள் காற்றை அழுத்தினால் நீர் வெளியேறிக் கதவு எழுந்து நிற்கும். கடல் அந்தப் பக்கம் நின்றுவிடும். திட்டத்தின் பெயர் மோசே. கடலைப் பிரித்தவருக்குத் தமிழ் விவிலியத்திலும் அதே பெயர்தான். 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக அது ஓதத்தைத் தடுத்து நகரை உலர்வாக வைத்தது. ஆனால் கதவுகளை அடிக்கடி மூடினால் காயலின் நீரோட்டமும் துறைமுகப் போக்குவரத்தும் தடைப்படுகின்றன. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே போனால் ஆண்டுக்கு எத்தனை நாள் மூடுவது என்பதுதான் அங்கே இப்போதைய கவலை.

கேள்வி: சுற்றிலும் உப்புநீர். நடுவே வாழ்ந்தவர்கள் குடிக்க என்ன செய்தார்கள்?
— வாசகர், இராமநாதபுரம்

பதில்: இந்தக் கேள்வி இராமநாதபுரத்திலிருந்து வந்ததில் வியப்பில்லை. உங்கள் ஊருணியின் உறவுக்காரர் ஒருவர் வெனிஸின் ஒவ்வொரு சிறு சதுக்கத்திலும் இருக்கிறார். காம்போ என்று அழைக்கும் அந்தச் சதுக்கத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு செதுக்குக் கல் தொட்டி, இரும்பு மூடியோடு நிற்கும். பலர் அதை அலங்காரம் என்று எண்ணிக் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். சற்றுத் தள்ளித் தரையைப் பாருங்கள்: தளம் மெல்லச் சரிந்து, துளையிட்ட கற்களில் போய் முடியும். மழைநீர் அத்துளைகள் வழியே இறங்கி, களிமண் பூசிய பெருங்குழியில் நிரப்பிய மணலில் வடிகட்டி, நடுவிலுள்ள செங்கல் உறைக்குள் ஊறும். அதை வாளியால் இறைத்தார்கள். களிமண் பூச்சு இல்லாவிட்டால் பக்கத்து உப்பு உள்ளே கசியும். பெரிய ஓதம் சதுக்கத்தில் ஏறினால் கிணறே கெட்டுப்போகும். மழை பொய்த்த காலங்களில் நிலப்பகுதி ஆற்றிலிருந்து படகில் நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். 1884இல் குழாய்நீர் வந்ததும் மூடிகள் நிரந்தரமாக மூடிக்கொண்டன. இன்று தெருக்குழாய்களில் இலவசமாக ஓடும் நீர் நல்ல நீர். புட்டி வாங்கிச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: கோண்டோலாவில் ஏறாமல் வந்தால் வெனிஸ் போனதாகவே ஆகாது என்கிறாள் என் மனைவி. அத்தனை பணம் கொடுக்கலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— வாசகர், கோவை

பதில்: ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பகலில் 90 யூரோ, மாலை ஏழுக்குமேல் 110 யூரோ என்று 2023 இறுதியில் மாநகராட்சி வரையறுத்தது. அது படகுக்கான கட்டணம். ஐந்து பேர் வரை ஏறலாம். இருவராகப் போனால் எனக்கு மனம் வராது. குடும்பமாகப் போனால், பெருங்கால்வாயைத் தவிர்த்து உள் கால்வாய்களில் ஓட்டச் சொல்லி ஏறுங்கள். ஏறுமுன் கரையில் நின்று படகை நேராகப் பாருங்கள், கோணலாகத் தெரியும். ஒரே துடுப்பை வலப்புறம் போட்டு ஓட்டும்போது படகு ஒருபக்கம் இழுக்காமல் இருப்பதற்காக, இடப்புறத்தை ஏறத்தாழ 24 செ.மீ. அகலமாகக் கட்டுகிறார்கள். துடுப்பு தங்கும் முறுக்கு மரத்தை அக்ரூட் மரத்தில் செதுக்குவது தனித் தச்சரின் வேலை. மனைவியின் ஆசையைச் சிக்கனமாக நிறைவேற்ற வேறு வழியும் உண்டு. பெருங்கால்வாயின் சில இடங்களில் திராகெட்டோ என்ற பொதுத் தோணி 2 யூரோவுக்கு அக்கரை சேர்க்கும். இரண்டே நிமிடப் பயணம்தான், மனைவி அதை ஒப்புக்கொள்வாரா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

சைவம் கிடைக்கும், ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காய்கறி ரிசோத்தோ என்ற அரிசி உணவை இறைச்சிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். பாகரோ என்ற சிறு கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் சிக்கெத்தி என்ற சிறுதீனியில் வெள்ளையாகப் பூசியிருப்பது வெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது அரைத்த உலர்மீன். வேகவைத்த கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), கத்திரிக்காய், சோளக்களி போன்ற பொலெந்தா ஆகியவை நம்பத்தக்கவை. காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

கேள்வி: தமிழகத்தோடு வெனிஸுக்குத் தொடர்பு ஏதேனும் உண்டா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மாவட்டத்தோடுதான் நெருங்கிய தொடர்பு. 1271இல் வெனிஸைவிட்டுப் புறப்பட்டு 1295இல் திரும்பிய மார்கோ போலோ, பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பையும் விவரித்திருக்கிறார். இம்மக்கள் பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் குறித்திருக்கிறார். பின்னர் வெனிஸின் தங்கக் காசுகள் தென்னகத்தில் பரவலாகப் புழங்கின. அக்காசில், புனித மாற்கின் முன் மண்டியிட்டு நெடிய கொடிக்கம்பைப் பற்றியிருக்கும் டோஜேயின் உருவத்தை, பனையேறும் மனிதராகவே நம் தென்மாவட்டத்தார் கண்டார்கள். பதினான்கு வயதில் வெனிஸிலிருந்து கப்பலில் ஒளிந்து கிளம்பிய மனூச்சி என்பவர், முகலாயர் அவைகளைச் சுற்றிவிட்டுக் கடைசிக் காலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்தார்.

போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடம் ரியால்தோ பாலத்திலிருந்து சில நிமிட நடைதான். சான் ஜொவான்னி கிரிசோஸ்தொமோ ஆலயத்துக்குப் பின்புறம், மலிப்ரான் அரங்கை ஒட்டி, மிலியோன் முற்றம் என்ற பெயர்ப்பலகையைத் தேடுங்கள். வீடு இல்லை, முற்றமும், அதற்குள் நுழையும் தாழ்ந்த வளைவு வழியும், அரங்கின் சுவரில் ஒரு கல்வெட்டும் இருக்கின்றன.