கேளுங்க அக்கா: காசு கட்டித் தொண்டு செய்யப் போகலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். படிப்புக்கு நடுவே ஒரு வருடம் எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போவது, அதாவது கேப் இயர். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, கல்லூரியில் சேரும் முன் ஒரு வருடம் வெளிநாட்டில் வனவிலங்குப் பாதுகாப்பு வேலை செய்ய ஆசை. நான்கு வாரத்துக்கு ஒரு ஏஜென்சி கேட்கும் தொகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உழைப்பதும் நான், காசு கொடுப்பதும் நானா?

எரிச்சல் நியாயம்தான் தம்பி. ஆனால் காசு கேட்டாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதே. நீ போய் இறங்கினால் உனக்குச் சாப்பாடு, படுக்க இடம், அப்புறம் முதல் வாரம் முழுக்கத் தன் வேலையைப் போட்டுவிட்டு உனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர ஒரு ஆள், இதெல்லாம் வேண்டும். இந்தச் செலவைக் கையைக் கடித்துக்கொண்டு ஓடும் ஒரு சின்ன அமைப்பின் தலையில் கட்டுவது சரியா? நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்டும் தொகையில் எவ்வளவு அந்தக் களத்துக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு நடுவில் இருப்பவரிடம் நின்றுவிடுகிறது? இதை எழுத்தில் கேள். களத்தில் வேலை செய்யும் அமைப்பின் பெயரைக்கூட "பணம் கட்டிய பிறகு சொல்கிறோம்" என்று இழுத்தால், அந்தப் பக்கமே திரும்பாதே. பெயர் தெரிந்துவிட்டால் நேராக அவர்களுக்கே எழுது, பல நேரம் செலவு குறைய வாய்ப்புண்டு.

ஏஜென்சி இல்லாத வழிகளும் உண்டு. சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1920இலிருந்து இருக்கிறது. முதல் உலகப்போரில் நொறுங்கிப்போன பிரான்சின் வெர்டன் பகுதிக் கிராமம் ஒன்றைத் திரும்பக் கட்ட, சண்டை போட்ட நாட்டு ஆட்களையே ஒன்றாக மண்வெட்டி பிடிக்க வைத்துத் தொடங்கியது. இன்றும் இரண்டு மூன்று வார முகாம்கள் நடத்துகிறார்கள். பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் உன்னுடையது, சாப்பாடும் இடமும் அவர்களுடையது. இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு வூஃப் என்ற அமைப்பு இருக்கிறது, 1971இல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது, பகலில் சில மணி நேரம் வேலை, பதிலுக்குச் சோறும் கூரையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சாலிடாரிட்டி கோர் என்ற தொண்டுத் திட்டம் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், கைச்செலவு வரை தருகிறது. ஆனால் எல்லா நாட்டுக் குடிமக்களும் அதில் சேர முடியாது, தகுதிப் பட்டியலை முதலில் பார்த்துவிடு.

அக்கா, எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். ஏதாவது ஒரு அநாதை இல்லத்தில் இரண்டு மாதம் இருந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்த நாடு நல்லது?

எந்த நாடும் வேண்டாம் கண்ணு. கோபித்துக்கொள்ளாமல் கேள்.

கம்போடியாவில் அரசும் யுனிசெஃபும் சேர்ந்து பார்த்து 2011இல் சொன்ன விஷயம் இது: இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பிறகு ஏன் அங்கே இருந்தார்கள்? வறுமை ஒரு காரணம். இன்னொன்று, பார்க்க வரும் வெளிநாட்டுக்காரரும் அவர் தரும் நன்கொடையும். குழந்தை இருந்தால்தான் ஆள் வரும், ஆள் வந்தால்தான் பணம் வரும் என்று ஆகிவிட்டால், வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளையைக் கொண்டுவந்து இல்லத்தில் உட்கார வைக்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். 2019இல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமே அநாதை இல்லங்களில் வெளியாட்கள் போய்த் தொண்டு செய்வதால் வரும் கேட்டைச் சுட்டிக்காட்டியது. இதெல்லாம் போகட்டும், மாதத்துக்கு ஒரு அக்கா வந்து மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு அழுதுகொண்டே கிளம்பினால், பத்தாவது அக்கா கிளம்பும்போது அந்தப் பிள்ளை மனசில் என்ன மிச்சமிருக்கும்?

பாடம் சொல்லித்தருவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது நானே பட்டது. இருபத்திரண்டு வயதில் இதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று வாரம் போனேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படம் வரைந்த அட்டைகள் எடுத்துப் போயிருந்தேன். முதல் அட்டையைத் தூக்கினேன், பூனை. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் "கேட்" என்றாள், பெருமையாக இருந்தது. அடுத்த அட்டையைத் திருப்பும் முன்பே அவள் "டாக்" என்றாள். அப்புறம் "பேர்ட்". அட்டை என் கையில் கவிழ்ந்தபடியே இருக்கிறது. எனக்கு முன்னால் வந்த ஒவ்வொருவரும் அதே பூனையில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், யாரும் பத்தாவது பாடத்துக்கு வந்ததே இல்லை!

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். போகும் முன் அந்த அமைப்பிடம் கேளுங்கள்: எனக்கு முன்னால் இருந்தவர் வேலையை எங்கே விட்டார், எனக்குப் பின்னால் வருபவர் எங்கிருந்து எடுப்பார்? பதில் இருந்தால் போங்கள். "நீங்கள் வந்தாலே போதும்" என்றால் அங்கே வேலையே இல்லை என்று அர்த்தம். சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை என்றால், முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு உதவியாக, ஒரு முழுப் பருவமாவது இருக்கிற மாதிரி போ.

அக்கா, கடலாமைத் திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது! அங்கே உண்மையில் என்னதான் செய்வார்கள்?

நடப்பார்கள். அதுதான் பெரும்பகுதி.

கோஸ்டா ரிகாவின் டோர்டுகேரோ கடற்கரையை எடுத்துக்கொள். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950களில் அங்கே பச்சை ஆமைகளை எண்ணத் தொடங்கினார், அந்தக் கணக்கு இன்றுவரை நிற்கவில்லை. ராத்திரி கறுப்பு உடை, மூடிய செருப்பு, சிவப்பு வெளிச்சம் மட்டும், அதுவும் தேவைக்குத்தான். ஈர மணலில் மணிக்கணக்காக நடை. ஆமை கரையேறிவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது, குழி தோண்டும்போது தொந்தரவு செய்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழ ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் போகலாம், அந்த நேரத்தில் அதைச் சுலபத்தில் கலைக்க முடியாது. பின்பக்கமாக மணலில் குப்புறப் படுத்து, கையுறை போட்ட கையைக் குழிக்குள் நீட்டி, மற்றக் கையில் எண்ணும் கருவியோடு, விழ விழ ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே எண்ண வேண்டும். ஒரு குழியில் நூறுக்கு மேல் இருக்கும். ஆமை துடுப்பை வீசினால் மணல் முழுக்க உன் வாயில்தான். ஒருவர் ஓட்டின் நீளத்தை நாடாவால் அளப்பார், ஒருவர் துடுப்பில் இருக்கும் உலோக வில்லையின் எண்ணைப் படிப்பார், இன்னொருவர் ஏட்டில் எழுதுவார்.

ஒன்றை இப்போதே மனதில் போட்டுக்கொள். நீ எண்ணும் முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். இரண்டு வாரத்துக்குப் போகிறாய் என்றால் அந்தக் குஞ்சுகளை நீ பார்க்கப்போவதில்லை, வேறு யாரோதான் பார்ப்பார்கள். உனக்குக் குஞ்சுகள் கிடைத்தால் அவை வேறு யாரோ எண்ணிவிட்டுப் போனவை. இந்த வேலை எனக்குப் பிடிப்பதே அதனால்தான், போட்டோ வராது, ஏட்டில் ஒரு வரி ஏறும். ஒரு ஆமைகூடக் கரையேறாத ராத்திரியும் வரும், அன்றைக்கு "ஒன்றுமில்லை" என்று எழுதுவதும் தகவல்தான்.

சிங்கக்குட்டிகளுக்குப் பால் புட்டி கொடுக்கும் திட்டம் ஒன்று பார்த்தேன். போகலாமா அக்கா?

கூடாது. தாயிடமிருந்து பிறந்த சில நாளிலேயே பிரித்துக் கையில் வளர்த்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்ந்தவை வேலிக்குள் வேட்டைக்காரர்களுக்கு இரையாகவும் எலும்பு வியாபாரத்துக்கும் போயிருக்கின்றன. 2021இல் அந்நாட்டு அரசின் நிபுணர் குழுவே இந்தத் தொழிலை நிறுத்தச் சொன்னது. பொதுவாகவே, காட்டு விலங்கைத் தொட, தூக்க, குளிப்பாட்ட விடுகிற இடம் என்றால் அது பாதுகாப்பு மையம் இல்லை, வேடிக்கைக் கூடம்.

வணக்கம். என் மகள் தனியாகப் போகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, போ என்று சொல்லவும் தைரியமில்லை. ஒரு தகப்பனாக நான் எதைப் பார்க்க வேண்டும்?

ஐயா, உங்கள் தவிப்பு புரிகிறது. அந்த நாடு பத்திரமா என்பதைவிட அந்த வீடு பத்திரமா என்று பாருங்கள். யாரோடு தங்குகிறாள், அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா, ராத்திரி யாரைக் கூப்பிடுவாள், மிக அருகில் இருக்கும் ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம். போன வருடம் போய்வந்த இரண்டு பெண்களோடு அவள் போனில் பேசட்டும். அமைப்பு எண் கொடுக்கத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு வரும் செலவையும் சேர்த்த காப்பீடு வேண்டும், அதில் உடலுழைப்பு வேலைக்கும் இடம் இருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால் குறைந்தது பத்து நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும். விலங்குகளோடு வேலை என்றால் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். திரும்பிவர டிக்கெட் எடுக்கும் அளவு பணம் எப்போதும் அவள் கணக்கில், அவள் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

சம்பளமே இல்லையே, டூரிஸ்ட் விசா போதாதா?

பல நாடுகளில் போதாது. சாப்பாடும் படுக்கையும் வாங்கிக்கொண்டு வேலை செய்தால் அதுவே கூலி என்று எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள் உண்டு. பிரிட்டனில் சுற்றுலாப் பயணியாகப் போய், பதிவுபெற்ற அறக்கட்டளையில் அதிகபட்சம் 30 நாள் தொண்டு செய்யலாம், அதுவும் பயணத்தின் முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் தனி விசா. "ஏர்போர்ட்டில் சும்மா சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடு" என்று எந்த அமைப்பு சொன்னாலும், திருப்பி அனுப்பப்படப்போவது அவர்கள் இல்லை, நீங்கள்.

அக்கா, விமான டிக்கெட்டுக்கே என்னிடம் காசில்லை. இதெல்லாம் வசதியானவர்களுக்குத்தானா?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் ஆன்லைன் பிரிவில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்: மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தகவல் தொகுப்பு. 18 வயது ஆகியிருந்தால் போதும், கட்டணம் கிடையாது. அவர்கள் பெயரைச் சொல்லி யாராவது விண்ணப்பக் கட்டணம் கேட்டால் அது திருட்டு. மொழிபெயர்ப்பு வேலை எடுத்தால் முதல் முறை சின்னதாக எடு, நான்கு பக்கம் போதும், சொன்ன தேதியில் அனுப்பிவிடு, அடுத்ததற்கு அவர்களே உன்னைத் தேடி எழுதுவார்கள்.