சர்க்கரை நோயை ஆராய எம்.பி.பி.எஸ். தேவையில்லை

நீட் இரண்டு முறை எழுதியும் மகளுக்கு அரசு இடம் கிடைக்கவில்லை, நிலத்தை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. ஆனால் விற்காதீர்கள். அங்கே படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவம் பார்க்க முடியும். வற்புறுத்தும் சொந்தக்காரர்கள் யாரும் கடனைக் கட்ட வரமாட்டார்கள். ஒல்லியான பாட்டிக்கு ஏன் சர்க்கரை வந்தது என்று மகள் ஓயாமல் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். அவளுக்கு நோயாளியைப் பார்ப்பதைவிட நோயைத் துருவுவதில்தான் நாட்டம்.

இன்று சர்க்கரைக்கும் உடல் பருமனுக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு ஊசியையே எடுத்துக்கொள்வோம். சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுகிறது. அந்த ஹார்மோனில் உண்மையில் வேலை செய்யும் துண்டு எது என்று கண்டறிந்தவர்களில் ஒருவர் ஸ்வெட்லானா மொய்சோவ். அவர் வேதியியலாளர். இந்த ஹார்மோன் உடம்பில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதோடு ஒரு கொழுப்பு அமிலத்தை இணைத்து, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நீடிக்கும்படி செய்து, இந்த ஊசி மருந்துக்கு வழிவகுத்த டென்மார்க் குழுவை நடத்திய லொட்டே க்னுட்சென் உயிரித் தொழில்நுட்பம் படித்தவர். 2024இல் மருத்துவ ஆய்வுக்கான அமெரிக்காவின் லாஸ்கர் விருதை ஜோயல் ஹபேனர் என்ற மருத்துவரோடு இவர்கள் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. அதை முன்னின்று நடத்தியது சென்னையில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம். துருவ வேண்டியது நம் ஊரிலேயே நிறைய இருக்கிறது.

சரி, வழி? அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல், அப்புறம் எம்.எஸ்ஸி.; இல்லையென்றால் நுழைவுத் தேர்வு எழுதித் திருப்பதியில் உள்ள மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான ஐசரில் ஐந்தாண்டுப் படிப்பு. ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான நெட் ஜே.ஆர்.எஃப். தேறினால் பிஎச்.டி. செய்யும்போது முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 முதல் இதுதான் தொகை. ஆனால் பத்து வருடப் பயணம் இது, நிரந்தர வேலைக்கு அதன் பிறகும் காத்திருக்க நேரலாம். அதைத் தெரிந்துகொண்டே அவள் முடிவெடுக்கட்டும்.

கல்லூரியில் சேர்ந்தபின் அறிவியல் அகாதமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு, பிடிக்கிறதா இல்லையா என்பதை அவளே சொல்லட்டும்.