நூற்று நாற்பது விண்ணப்பங்கள்

அன்புள்ள ஐயா,

கண்டனூரிலிருந்து எழுதுகிறேன். காரைக்குடியில் பி.காம். முடித்து, மூன்று வருடமாகப் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் 14,000. திருச்சி, கோவை, சென்னை எங்காவது ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர வேண்டும் என்று நான்கு மாதமாக நௌக்ரி, லிங்க்டுஇன் என்ற வேலை தேடும் தளங்களில் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், 140 ஆகிவிட்டது. வந்தது இரண்டே போன். ஒன்று இன்சூரன்ஸ் பிடிக்கிற வேலை. இன்னொன்றில், ‘சர்டிபிகேட் சரிபார்க்க 3,500 ரூபாய் கட்டுங்க, திங்கட்கிழமை ஆர்டர் வந்துரும்’ என்றார்கள். இன்னும் கட்டவில்லை.

அப்பத்தா, ‘உள்ளூர்லயே இரு தாயி, கம்ப்யூட்டர்ல போட்டா யாரு வேலை குடுப்பா’ என்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. என் ரெஸ்யூமேயும் நௌக்ரி பக்கத்தின் படமும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? எஸ்ஏபி (பெரிய கம்பெனிகளின் கணக்கு மென்பொருள்) கோர்ஸ் ஒன்றுக்கு 40,000 கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கண்டனூர்

---

அன்புள்ள வாசகிக்கு,

அந்த 3,500 ரூபாயைக் கட்டாதீர்கள். ஆள் எடுக்கும் கம்பெனி, வேலைக்கு வருகிறவரிடம் பணம் வாங்காது. சரிபார்ப்பு, பயிற்சி, லேப்டாப் முன்பணம், என்ன பெயர் சொல்லிக் கேட்டாலும் அது மோசடிதான். சான்றிதழைச் சரிபார்க்கும் செலவு கம்பெனியுடையது. பேசியவர் சொன்ன கம்பெனி உண்மையிலேயே இருக்கலாம். அவர் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க மாட்டார். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், அன்றைக்கே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறி எடுக்கப்படுவதற்கு முன்னால் சொன்னால்தான் வங்கியில் நிறுத்திவைக்க முடியும்.

இப்போது நீங்கள் அனுப்பிய படம். அதில் தற்போதைய ஆண்டுச் சம்பளம் 14 லட்சம் என்று நிற்கிறது. 14,000 என்பதை மனதில் வைத்து 14 என்று போட்டுவிட்டீர்கள். அந்தக் கட்டம் கேட்டது வருடக் கணக்கை, அதுவும் லட்சத்தில். மாதம் 14,000 என்றால் வருடத்துக்கு 1,68,000, அதாவது 1.68. மூன்று வருட அனுபவத்தில் 14 லட்சம் வாங்கும் கணக்காளரை 2.5 லட்சம் சம்பள வேலைக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். ஆள் தேடுபவர் ‘3 லட்சத்துக்குள்’ என்று வடிகட்டியதுமே உங்கள் பெயர் திரையை விட்டுப் போய்விடும். நான்கு மாத மௌனத்தில் பெரும்பங்கு இந்த ஒரு எண்ணுக்கு உண்டு என்று நினைக்கிறேன். சில தளங்கள் லட்சத்தில் கேட்கும், சில முழு ரூபாயில் கேட்கும், சில மாதச் சம்பளமாகக் கேட்கும். கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தை ஒவ்வொரு தடவையும் படியுங்கள்.

எதிர்பார்க்கும் சம்பளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பெனிகள் பேசும் சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் தொகை இல்லை. மாதம் 20,000 மொத்தச் சம்பளம், அதில் அடிப்படை 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப்புக்கு உங்களிடம் 12 சதவீதம் 1,200 பிடிப்பார்கள். கம்பெனியும் அதே 1,200 போடும். 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு: உங்களிடம் 0.75 சதவீதம் 150, கம்பெனி 3.25 சதவீதம் 650. கைக்கு வருவது 18,650. சிடிசியில் ஏறுவது 21,850, வருடத்துக்கு 2,62,200. போனஸ், பணிக்கொடை சேர்த்தால் இன்னும் ஏறும். ஆகவே ‘2.4 லட்சம் வேண்டும்’ என்று எழுதிவிட்டு மாதம் 20,000 கைக்கு வரும் என்று எண்ணியிருந்தால் ஏமாற்றமாகிவிடும். வெளியூரில் விடுதி வாடகை, சாப்பாடு போக என்ன நிற்கும் என்று பார்த்து, எண்ணை முதலில் முடிவு செய்யுங்கள்.

அதே பக்கத்தில் விலகல் அறிவிப்புக் காலம் (நோட்டீஸ் பீரியட்) மூன்று மாதம் என்று இருக்கிறது. ஆலையில் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லை என்றால், மாதக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு எத்தனை நாளில் கிளம்ப முடியுமோ அதைப் போடுங்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் திடீரென்று நின்றுவிட்ட இடத்துக்குத்தான் பெரும்பாலும் ஆள் தேடுவார்கள். 15 நாள், 30 நாள் என்பவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அடுத்து ரெஸ்யூமே. இடது பக்கம் நீலப் பட்டை, அதில் புகைப்படம், திறமைகளுக்கு நட்சத்திரம். வலது பக்கம் படிப்பும் அனுபவமும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த பிடிஎஃப்பைக் கணினியில் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எனக்கு வந்தது இது: ‘டேலி கணக்காளர் 2022 முதல் எக்செல் அரிசி ஆலை தமிழ் புதுவயல் ஆங்கிலம்’. இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒரே வரியாகக் கோத்துவிட்டது. நட்சத்திரங்களைக் காணோம், அவை படம். உங்கள் போன் எண்ணும் வரவில்லை, அதுவும் மேலே படத்துக்குள் இருக்கிறது. கம்பெனியின் விண்ணப்ப மென்பொருளுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் போய்ச் சேரும். அது உங்களைக் கழித்துக் கட்டுவதில்லை, தப்பாக நிரப்பிவைக்கிறது. தேடும்போது நீங்கள் வருவதில்லை.

இதைச் சொல்லிப் பயமுறுத்தி, ‘உங்கள் ரெஸ்யூமேக்கு மதிப்பெண் 42, பணம் கட்டினால் 90 ஆக்கித் தருகிறோம்’ என்று வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வேர்டில் இடது, வலது என்று பிரிக்காமல், கட்டம், பட்டை, படம் எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் எழுதி, பிடிஎஃப்பாகச் சேமித்தால் போதும். நோட்பேடில் ஒட்டும்போது மேலிருந்து கீழாக வரிசை மாறாமல் வர வேண்டும். அதற்கு மேல் சோதனை தேவையில்லை. தகப்பனார் பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண், வீட்டு முழு முகவரி, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘கண்டனூர், காரைக்குடி அருகில். திருச்சி, கோவை, சென்னைக்கு மாறி வரத் தயார்’ என்ற ஒரு வரி போதும். சென்னை முகவரி பொய்யாகப் போடாதீர்கள். நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? விடியலில் பல்லவன் ரயிலைப் பிடித்தாலும் சென்னை சேர நண்பகல் ஆகிவிடும். ஊரைச் சொல்லிவிட்டு, முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா என்று கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

நான் அதிக நேரம் நின்றது உங்கள் அனுபவப் பகுதியில். மூன்று வருட உழைப்புக்கு நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: ‘ஆலையின் எல்லாக் கணக்கு வேலைகளையும் பார்த்தேன்’. எனக்கு வருத்தமாக இருந்தது. அரிசி ஆலைக் கணக்கு லேசான கணக்கு இல்லை. நெல் வரும் லாரியின் எடைமேடைச் சீட்டு, ஈரப்பதத்துக்குக் கழிவு, மண்டிக் கமிஷன், லாரி வாடகை, அரிசி ஒரு பக்கம், தவிடும் உமியும் ஒரு பக்கம். இதற்கு மேல் வரி. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. 26 கிலோப் பைக்குக் கிடையாது. ஒரே ஆலையில் வரியுள்ள விற்பனையும் வரியில்லாத விற்பனையும் கலந்து வரும்போது, பொதுச் செலவுகளில் கட்டிக் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) விகிதம் போட்டுத் திருப்ப வேண்டும். இதை நீங்கள் மாதாமாதம் செய்கிறீர்கள் என்றால், உணவுப் பொருள் கம்பெனி, மளிகை மொத்த விநியோகம், சூப்பர் மார்க்கெட் எதுவானாலும் உங்களைத் தேட வேண்டும். ஆனால் தாளில் அது இருந்தால்தானே தேட முடியும்?

ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், பொருள் புரிய இங்கே தமிழில் தருகிறேன். எண்கள் மாதிரிக்கு, உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள். (மற்றவர்களுக்காக: டேலி பிரைம் ஒரு கணக்கு மென்பொருள். ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை விவரம், 3பி வரி கட்டும் சுருக்கக் கணக்கு, 2பி விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல். ரிகன்சிலியேஷன் என்றால் நம் ஏட்டை எதிர்த்தரப்புக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது.)

‘மாதம் சுமார் 300 கொள்முதல், விற்பனை பில்களை டேலி பிரைமில் பதிவு செய்தேன்.’

‘ஜிஎஸ்டிஆர்-1ஐ 11ஆம் தேதிக்குள்ளும் 3பியை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்யத் தேவையான விவரங்களைத் தயார் செய்தேன், 14ஆம் தேதி வரும் 2பியோடு கொள்முதல் ஏட்டை ஒப்பிட்டு, விடுபட்ட பில்களை விற்றவர்களிடம் கேட்டு வாங்கினேன்.’

‘25 கிலோ, 26 கிலோப் பைகளின் விற்பனையைத் தனித்தனியாகப் பிரித்து, உள்ளீட்டு வரித் திருப்பத்தைக் கணக்கிட்டேன்.’

‘இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு வாராவாரம் பேங்க் ரிகன்சிலியேஷன்.’

தாக்கல் செய்தவர் ஆடிட்டர் என்றால் ‘தயார் செய்தேன்’ என்றே எழுதுங்கள், ‘தாக்கல் செய்தேன்’ என்று ஏற்றிச் சொல்ல வேண்டாம். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

இந்த நான்கு வரிகளும் அப்படியே எல்லா இடத்துக்கும் போகக்கூடாது. ஒரு விளம்பரத்தில் ‘அக்கவுன்ட்ஸ் பேயபிள், வெண்டர் ரிகன்சிலியேஷன்’ என்று இருக்கிறது. நெல் வியாபாரிகளின் பாக்கியை நீங்கள் ஏட்டோடு சரிபார்ப்பதும் அதே வேலைதான், ஆனால் தேடுபவர் அந்த ஆங்கிலச் சொல்லைத் தட்டித்தான் தேடுவார். உண்மையில் நீங்கள் செய்த வேலைக்கு விளம்பரம் என்ன பெயர் வைத்திருக்கிறதோ அந்தப் பெயரையே போட்டு, அந்த வரியை மேலே கொண்டுவாருங்கள். அதற்கு 30, 40 நிமிடம் ஆகும். அதனால்தான் 140 வேண்டாம் என்கிறேன். வாரத்துக்கு ஏழெட்டு போதும். விளம்பரம் வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் போவது முக்கியம். ‘கடைசி 24 மணி நேரம்’ என்று வடிகட்டி, காலையில் ஒருமுறை பாருங்கள். லிங்க்டுஇன்னில் ஒரே தட்டில் போகும் விண்ணப்பத்தில் கூட்டம் அதிகம். அதே வேலை கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்தால் அங்கே போய் நிரப்புங்கள். தேடும்போது ‘அக்கவுன்டன்ட்’ என்பதோடு நிற்காமல், அக்கவுன்ட்ஸ் எக்சிகியூட்டிவ், அக்கவுன்ட்ஸ் பேயபிள், ஜிஎஸ்டி எக்சிகியூட்டிவ், பில்லிங் என்றெல்லாம் தட்டிப் பாருங்கள்.

நௌக்ரி பக்கத்தின் தலைப்பு வரியில் ‘கடின உழைப்பாளி, நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேலையின் பெயர், மூன்று ஆண்டு அனுபவம், டேலி பிரைம், ஜிஎஸ்டி, எக்செல் என்று போடுங்கள். வாரம் இரண்டு தடவையாவது உள்ளே போய் எதையாவது திருத்திச் சேமியுங்கள். சமீபத்தில் நடமாட்டம் உள்ள பக்கங்களை மட்டும் பார்ப்பதே ஆள் தேடுபவர்களின் வழக்கம். நிரப்பும்போது வரும் கேள்விகளையும் அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். ‘எத்தனை வருட ஜிஎஸ்டி அனுபவம்’ என்ற இடத்தில் 0 என்று போட்டால், ரெஸ்யூமேயை யாரும் திறக்காமலே விண்ணப்பம் முடிந்துபோகும். இயந்திரம் ஆளைக் கழிக்கிற இடம் இதுதான்.

எல்லாவற்றுக்கும் எக்செலில் ஒரு ஏடு போடுங்கள்: தேதி, கம்பெனி, வேலை, எந்தத் தளம், எந்த ரெஸ்யூமே, கேட்ட சம்பளம், பதில். விளம்பரத்தின் வாசகத்தையும் நகலெடுத்து வையுங்கள். போன் வரும் நாளில் விளம்பரம் தளத்தில் இருக்காது, ‘எந்த வேலைங்க?’ என்று கேட்கும்படி ஆகிவிடும். ஆலைச் சத்தத்தில் அழைப்பு கேட்கவில்லை என்றால் அன்று மாலையே திரும்பக் கூப்பிடுங்கள். தெரியாத எண் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்பாம் பெட்டியைத் தினமும் பாருங்கள்.

அப்பத்தா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நம் பக்கத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாக (பணப்பெட்டி அருகே உட்கார்ந்து கணக்குப் பழகும் பையன்) போனவர்கள், தெரிந்தவர் ஒரு வார்த்தை சொல்லித்தான் போனார்கள். இன்றைக்கும் உள்ளே இருப்பவர் சொல்லும் வார்த்தைக்கு எடை உண்டு. அந்தத் தெரிந்தவரைத் தேடும் இடம்தான் மாறியிருக்கிறது. லிங்க்டுஇன்னில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, முன்னாள் மாணவர்கள் பகுதிக்குப் போங்கள். ஊர், கம்பெனி, துறை வாரியாகப் பிரித்துக் காட்டும். கோவை, கணக்குத் துறை என்று தேர்ந்தெடுத்து, விளம்பரம் வந்திருக்கும் கம்பெனியில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: ‘வணக்கம். நானும் காரைக்குடியில் பி.காம். படித்தேன். உங்கள் கம்பெனியில் இந்த எண்ணுள்ள கணக்கு வேலைக்கு நேற்று விண்ணப்பித்தேன். மூன்று வருடம் ஜிஎஸ்டி, டேலி அனுபவம். அந்தப் பிரிவில் டேலிதானா, வேறு மென்பொருளா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.’ ஐந்து பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் தந்தாலும் லாபம். பல கம்பெனிகளில், பரிந்துரைக்கப்பட்ட ஆள் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்கு ஒரு தொகை கொடுப்பார்கள், அதனால் தயங்க வேண்டாம்.

தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்திலும் பதிந்துவையுங்கள், கட்டணம் கிடையாது. திருச்சி, மதுரைப் பக்கத்துச் சிறிய, நடுத்தரக் கம்பெனிகளை அங்கே பார்க்கலாம்.

எஸ்ஏபி பற்றி. நீங்கள் போக விரும்பும் 20 விளம்பரங்களை எடுத்து, எத்தனை பேர் எஸ்ஏபி கட்டாயம் என்கிறார்கள் என்று எண்ணுங்கள். உங்கள் சம்பள வரம்பில், உங்கள் ஊர்களில், டேலியும் எக்செலும்தான் திரும்பத் திரும்ப வரும் என்பது என் கணிப்பு. எஸ்ஏபி கேட்பவர்களும் அதில் வேலை பார்த்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள், சான்றிதழை இல்லை. மூன்று மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவான பணம் அது, கடன் வாங்காதீர்கள். நீங்கள் எக்செலில் எதுவரை செய்வீர்கள் என்று ரெஸ்யூமேயில் இல்லை. விலுக்கப் (ஒரு தாளில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) இரண்டையும் ஆலையின் 2பி ஒப்பீட்டிலேயே பழகுங்கள்: ஒரு தாளில் கொள்முதல் ஏடு, இன்னொன்றில் 2பி, பில் எண்ணை வைத்துத் தேடி, எதிர்ப்பக்கத்தில் இல்லாததைப் பிரித்தெடுப்பது. இரண்டு மாதக் கணக்கில் செய்துவிட்டால் கை வந்துவிடும். முதலில் இன்றைக்கே அந்த 14-ஐ 1.68 ஆக்கிவிடுங்கள்.